மாத்து ஆள்

சந்தனக்குன்று மடத்து அம்மாவைப் பாக்க வர்றவங்க செருப்பை வாசல்ல விட்டுட்டுத்தான் உள்ள வருவாங்க. அவில்தார் ஏகாம்பரமும் செருப்பை விட்டார். தோள்ல கிடந்த ரெட்டைக்குழல் துப்பாக்கியை மட்டும் விடல. மடத்துப் பூனை எந்திரிச்சு வேற இடம் பாத்துப் படுத்துச்சு.

"காவலுக்கு வந்தீங்களா, கேள்வி கேக்க வந்தீங்களா?"ன்னாங்க அம்மா.

"கேள்விதாம்மா. பட்டாளத்தை விட்டு வந்து எவ்வளவோ காலமாச்சு. முந்தாநாள் அடுப்படியில ஒரு தட்டு விழுந்துச்சு. சத்தம் கேட்டதுதான் தெரியும். நினைவு வந்தப்போ துப்பாக்கி என் கையில. குழலுக்கு நேரா என் சம்சாரம், கரண்டியோட."

"என்ன சொன்னாங்க?"

"'ரசம் ஆறுது, வாங்க'ன்னுச்சு. அப்புறம் உள்ள போய் அழுதுச்சு." அவர் குரல் இறங்குச்சு. "ஒருநாள் குழல் என் பக்கமே திரும்புச்சும்மா. அதை அவகிட்ட சொல்லல. இந்தத் துப்பாக்கியை வீட்டை விட்டே அனுப்பிடலாம்னு தோணுது. ஆனா ஆயுதத்தைக் கீழ வைக்கிறவன் சோல்ஜரா?"

"எனக்குப் பட்டாளம் தெரியாது. காவல் முடிஞ்சா துப்பாக்கியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா தூங்குவீங்க?"

ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "ஆயுத ரூம்ல ஒப்படைச்சிட்டுத்தாம்மா படுக்கணும். சாவி வேற ஆள்கிட்ட இருக்கும்."

"கேவலமா இருக்காது?"

"அதுல என்ன கேவலம்? அதுதான் ஒழுங்கு."

"அப்போ இதை ஏன் ஒப்படைக்கல?"

சிரிப்பு நின்னுபோச்சு.

"மாத்து ஆள் வந்தாத்தாம்மா காவலை விட்டு இறங்கணும். கடைசியா நின்ன மலையில சின்னப்பன்தான் வரணும். ஏறி வந்துக்கிட்டே இருந்தான். என் கண்ணு முன்னாலயே குண்டு பட்டுச்சு."

"நீங்க எப்படி இறங்கினீங்க?"

"தூக்கிட்டு வந்தாங்களாம். எனக்கு ஞாபகம் இல்ல."

அம்மா எந்திரிச்சாங்க. மூலையில இருந்த விளக்குமாத்தை எடுத்துத் தோள்ல சாத்தினாங்க. இல்லாத மீசையை ஒருதரம் நீவிக்கிட்டாங்க. நெஞ்சை நிமித்தி, டக்குனு குதிகால் ரெண்டையும் சேத்தாங்க. அச்சு அசல் சிப்பாய்.

"மாத்து ஆள் வந்தாச்சு, அவில்தாரே. நீங்க இறங்கலாம்."

ஏகாம்பரம் சிரிக்கத்தான் பாத்தார். வாய் கோணிச்சு. கண்ணு ரொம்பிடுச்சு. விறைப்பா எந்திரிச்சு ஒரு சல்யூட் வச்சார். அப்புறம் துப்பாக்கியை மடக்கித் தோட்டாவை வெளிய எடுத்தார்.

"எலெக்‌ஷன் வந்தா இதைப் போலீஸ் ஸ்டேஷன்லதாம்மா ஒப்படைப்போம். இனிமே அங்கேயே இருக்கட்டும்."

"சம்சாரத்தையும் கூட்டிட்டுப் போங்க. சொல்லாத விஷயத்தை வழியில சொல்லுங்க. திரும்புறப்போ டாக்டரையும் ஒரு எட்டுப் பாருங்க." அம்மா அவரை மேலயும் கீழயும் பாத்தாங்க. "இவ்வளவு காலம் தனி ஆளா நின்னிருக்கீங்களே. எனக்கு இப்பவே கால் வலிக்குது."

படியில இறங்குனவர் பாதியில நின்னு திரும்பினார். "துப்பாக்கி எங்கன்னு ஊர்ல கேப்பாங்களேம்மா?"

விளக்குமாறு இன்னும் அம்மா தோள்லதான் இருந்துச்சு.

"டியூட்டி முடிஞ்சுதுன்னு சொல்லுங்க."