கோட்டையைச் சுற்றி வந்த கீரை

“நல்ல சாப்பாடுங்கிறது மாப்பிள்ளை, அடுப்புக்கு எவ்வளவு கிட்டத்துல விளையுதோ…” என்று அமைச்சர் அம்பலவாணரின் மாமனார் அடிக்கடி எதையோ சொல்லுவார். பாதிக்கு மேல் அமைச்சருக்கு ஞாபகமில்லை. இருந்திருந்தாலும்தான் என்ன? வெகுகாலத்துக்கு முன்னே கொன்றைப்பாடி நாட்டை ஆண்ட வீரகேது மன்னரிடம் அதைச் சொல்லி ஒன்றும் ஆகியிருக்காது.

அந்த அரண்மனை வழக்கம் அப்படி. கிழக்கு வாசல் வழியாக வரும் பண்டத்துக்கு யானை, குடை, முரசு எல்லாம் உண்டு, அது மன்னருக்கு. கொல்லை வழியாக வருவது வேலைக்காரர்களுக்கு. போதாததற்கு, “சுத்தமாக விளைந்ததையே உண்ணுங்கள்” என்று வைத்தியர் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். மடப்பள்ளி அதிகாரி ரங்கப்பர் அதைப் பிடித்துக்கொண்டார். தூரத்தில் விளைந்தால்தான் சுத்தம் என்று மன்னரை நம்பவைத்து, மலைக்கு அப்பாலிருந்து கீரை, கடலுக்கு அப்பாலிருந்து பருப்பு என்று வரவழைத்தார். வந்துசேரும் கீரை வைக்கோல் போலிருக்கும். மன்னர் மென்று மென்று, “ஆகா!” என்பார். கஜானா இளைத்துக்கொண்டே போனது.

இந்த நேரம் பார்த்து ஏரி மதகு உடைந்தது. மழைக்கு முன் சரிசெய்யாவிட்டால் கீழுள்ள ஊர்களின் வயல்கள் வெள்ளத்தில் போய்விடும்.

“மதகுக்குப் பணம் வேண்டும், மன்னா” என்றார் அமைச்சர்.

“ரங்கப்பரைக் கேளும்.”

“அவர் கீரைக்கு வேண்டும் என்கிறாரே!”

“பின்னே? அரசன் உடம்பு முக்கியமில்லையா?”

ரங்கப்பர் குறுக்கே வந்தார். “அமைச்சர் வீட்டில் தினமும் கம்பங்கூழாம், மன்னா. கஞ்சத்தனத்துக்கு ஆரோக்கியம் என்று பெயர் வைத்திருக்கிறார்!” சபை சிரித்தது.

அமைச்சர் வீட்டுக்கு வந்து தலைப்பாகையைக் கழற்றி எறிந்தார். “இந்த மனுஷனிடம் இன்னும் எத்தனை நாள்தான் தலையை முட்டிக்கொள்வது!”

அவர் மனைவி தாயம்மை நிதானமாகச் சொன்னாள்: “உங்க ராஜா ருசி பார்த்துச் சாப்பிடுறவர் இல்லீங்க, வாசல் பார்த்துச் சாப்பிடுறவர். அந்த வாசல் வழியாவே அனுப்புங்களேன். சமையலை நான் பார்த்துக்கிறேன்.”

அரண்மனைக் குதிரை லாயத்துக்குப் பின்னால், வேலைக்காரர்கள் தங்களுக்கென்று கீரை போட்டிருந்தார்கள். மறுநாள் காலை அதில் ஒரு கூடை யானைமேல் ஏறியது. கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றிக் கிழக்கு வாசலுக்கு வந்தது. முரசு முழங்க, “சுற்றிச் சுற்றி வந்த கீரை!” என்று கட்டியக்காரன் கூவினான். மடப்பள்ளியில் தாயம்மை அதைக் கடைந்து, வரகரிசிச் சோற்றோடு சுடச்சுட அனுப்பினாள்.

மன்னர் மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். “அடடா, என்ன மணம்! யார் வரவழைத்தது?”

அமைச்சர் வாயைத் திறப்பதற்குள் ரங்கப்பர் முந்திக்கொண்டார். “அடியேன்தான்! ஏழு மலைக்கு அப்பால் விளைந்தது. செலவுதான் கொஞ்சம் கூடுதல்…”

“எரு என்ன போட்டார்கள், ரங்கப்பரே?” என்றார் அமைச்சர்.

“எருவா? சீச்சீ! தேவர்கள் உலவும் மலையய்யா அது. அவர்கள் காலடி பட்டே விளைகிறது!”

“அப்படியானால் அந்தத் தேவரை நேரிலேயே பார்க்கலாம், மன்னா. லாயத்துக்கு வாருங்கள்.”

லாயத்தின் பின்னால், பட்டத்துக் குதிரையின் லத்தி எருவுக்கு நடுவே, அன்று அறுத்த கீரையின் அடித்தாள்கள் ஈரம் காயாமல் நின்றன. மன்னர் தாள்களைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். ரங்கப்பர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ, யானை எதற்கு ஐயா?”

“கொல்லை வழியாக வந்திருந்தால் தொட்டிருப்பீர்களா, மன்னா?”

மன்னருக்கு முகம் சிவந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி, “இது அம்மையாருக்கு” என்று கொடுத்தார். “தூரத்துச் சரக்கு இன்றோடு நின்றது. அந்தப் பணம் மதகுக்கு. ஆனால்…”

“ஆனால் என்ன, மன்னா?”

“யானைமேல் சுற்றிவந்த கீரையின் ருசியே தனி. தினமும் சுற்றியே வரட்டும்.”

அமைச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “யானைக்குத் தீனி யார் போடுவது, மன்னா?”

மன்னர் கொஞ்சம் யோசித்தார். நாளை முதல் கீரைக்கூடையை ரங்கப்பர் தன் தலையில் சுமந்து கோட்டையைச் சுற்றிவர வேண்டும் என்று முடிவு செய்தார்.