ஒரு செப நேரத்து இருட்டு

சலேத்தம்மாள் குகை வாசலுக்கு வந்தபோது நத்தை குரு வழக்கமான பாறையில் உட்கார்ந்திருந்தார்.

குகையும் பாறையும் கம்ப்யூட்டருக்குள் இருந்தன. எங்கெங்கோ இருப்பவர்கள் ஒன்றுகூடி ஆடுகிற மந்திரவாதி ஆட்டம் அது. நத்தை என்பது அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் பெயரோடு ‘குரு’ என்பதை ஆட்டமே சேர்த்துவிட்டது. ஹெட்போனில் கேட்கிற குரலை வைத்துப் பார்த்தால் சலேத்தம்மாளின் மகள் வயதுதான் இருக்கும். பின்னால் குக்கர் இரைந்துகொண்டிருந்தது.

“குருவே, ஒரு சந்தேகம்.”

“இன்னும் ஒரு விசில் இருக்கு அக்கா.”

விசில் வந்தது. அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

“இப்ப சொல்லுங்க.”

“என் வெளிச்சம் குறைஞ்சுக்கிட்டே போகுது.”

ஆட்டத்தில் சலேத்தம்மாளுக்கு வெளிச்சம் போடுகிற வேலை. அவள் சுடர் மந்திரம் போட்டால் சுற்றி இருபது அடிக்குப் பளிச்சென்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, புனேயிலிருந்து ஜெரால்டும் கோயம்புத்தூரிலிருந்து அமலியும் சென்னையிலிருந்து பிரிட்டோவும் வந்து சேர்வார்கள். தாயும் மூன்று பிள்ளைகளுமாகக் குகைக்குள் போவார்கள். போனில் பேசினால், சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்பதோடு முடிந்துவிடும். குகைக்குள் ஒரு மணி நேரம் பேச்சு ஓடும்.

“இப்ப ரெண்டு அடிகூடத் தேறல. ‘ஃப்ரிட்ஜ் பல்புதான் எரியுது’ங்கான் சின்னவன். ‘அதுவும் கதவு சாத்துன ஃப்ரிட்ஜ்’ங்கா அமலி.”

“சிரிக்கிறாங்களா?”

“சிரிச்சாலும் பரவாயில்லையே. போன வாரம் பெரியவன், ‘அம்மா, நீங்க வாசல்லயே இருங்க, நாங்க போயிட்டு வந்துடுறோம்’னுட்டான்.”

அந்த ஆட்டத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் பேச்சுதான் காதில் விழும். மூவரும் உள்ளே போகப் போகக் குரல்கள் தேய்ந்து நின்றுபோயின. ஒரு மணி நேரமும் அவள் வாசலில் நின்று காற்றுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வேற பெரிய மந்திரம் இருந்தா சொல்லிக்கொடு தாயி. நாளைக்கும் வாசல்ல நிக்க முடியாது என்னால.”

“உள்ள வாங்க” என்றார் நத்தை குரு.

இருவரும் குகைக்குள் போனார்கள். சலேத்தம்மாள் சுடர் போட்டாள். பத்து எண்ணுவதற்குள் மறுபடி போட்டாள். இன்னும் பத்து. மறுபடி.

“எதுக்கு மறுபடி மறுபடி போடுறீங்க?”

“அணைஞ்சிருமே.”

“இன்னும் அணையலையே.”

“அணையட்டும்னு பாத்துக்கிட்டா இருக்க முடியும்? ஒரு தடவை அப்படித்தான் அணைஞ்சு, பிரிட்டோ குழியில விழுந்து ஆட்டத்துல செத்துப்போனான். எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு.”

“இப்ப போடாதீங்க.”

மூன்று தடவை முயன்றாள். மூன்று தடவையும் விரல் தானாகப் போய் அமுக்கிவிட்டது.

“விரல் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது குருவே.”

“கையில வேற எதையாவது பிடிச்சுக்கங்க.”

மேசையில் செபமாலை கிடந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் தட்டளவாகச் சுருங்கியது. பிறகு பொட்டளவு. பிறகு திரை முழுக்கக் கருத்தது. ‘அருள் நிறைந்த மரியே’ என்று ஆரம்பித்து அந்தச் செபத்தை ஒரு தடவை சொல்லி முடித்தாள்.

“இப்ப போடுங்க.”

இருபது அடிக்கும் வெளிச்சம் பாய்ந்தது. எதிர்ச்சுவரில் ஒரு படிக்கட்டு தெரிந்தது. அங்கே படிக்கட்டு உண்டு என்பதையே அவள் மறந்திருந்தாள்.

“எரியும்போதே மேல மேல போட்டா, ஒவ்வொண்ணும் முந்தினதைவிடச் சின்னதாத்தான் எரியும். ஒரு தடவை முழுசா அணையணும்.”

“அந்த இருட்டுல பிள்ளைங்க என்ன செய்வாங்க?”

“பார்த்துட்டு வந்து சொல்லுங்க. நான் பருப்பு கடையணும்.”

மறுநாள் ஐந்து மணி.

“இன்னைக்கு ஒரு நாள் என்னையும் கூட்டிட்டுப் போங்கலே” என்றாள்.

பெரியவன் யோசித்தான். “ஒட்டியே வாங்கம்மா.”

பாதிக் குகையில் சுடர் சுருங்கத் தொடங்கியது. சலேத்தம்மாள் செபமாலையை இறுக்கிப் பிடித்தாள்.

“அம்மா, அணையப் போகுது” என்றாள் அமலி.

அணைந்தது.

“அம்மா!” மூன்று குரல்களும் ஒன்றாக வந்தன. “அம்மா, எங்க இருக்கீங்க?”

அவள் வாய்க்குள் செபம் ஓடிக்கொண்டிருந்தது.

குப்பென்று ஒரு தீப்பந்தம் எரிந்தது. அடுத்து ஒன்று. அடுத்து ஒன்று. மூன்றும் அவளை நோக்கி ஓடி வந்தன.

செபம் முடிந்ததும் அவள் சுடரைப் போட்டாள். குகை முழுக்கப் பகலானது.

“ஃப்ரிட்ஜைத் திறந்துட்டாங்கடோய்!” என்று பிரிட்டோ கத்தினான்.

அவள் பந்தங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதெல்லாம் எப்ப வாங்குனீங்க?”

“நான் குழியில விழுந்த மறுநாளே வாங்கிட்டோம்மா.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லையே.”

ஜெரால்டு தயங்கினான். “உங்க முன்னால எடுத்தா வருத்தப்படுவீங்கன்னு... போன வாரம் இதை வச்சுத்தான் போனோம்.”

திங்கட்கிழமை அவள் மறுபடி பாறைக்கு வந்தாள்.

“இருபது அடியும் வந்துச்சு குருவே.”

“சந்தோஷம்தானே?”

“ஆளுக்கொரு பந்தம் வச்சிருக்காங்க. நான் இல்லாமலே போயிட்டு வந்திருக்காங்க. அப்புறம் நான் எதுக்கு அந்தக் குகைக்குள்ள?”

நத்தை குரு பாறையில் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

“வெளிச்சம் போனதும், பந்தத்தை எடுக்கிறதுக்கு முன்னால என்ன சொன்னாங்க?”

“‘அம்மா, எங்க இருக்கீங்க’ன்னாங்க” என்றாள் சலேத்தம்மாள். பிறகு செபமாலையில் ஒரு மணியைப் பிடித்தபடி, அவர் விட்ட இடத்தில் உட்கார்ந்தாள்.