தலைவர் பெயரில் வந்த நாற்பதாயிரம் மெயில்

வெள்ளரிப்பாளையம் பம்புசெட்டு உற்பத்தியாளர் சங்கத்தில் செங்கோட்டையனை வேலைக்குச் சேர்த்தபோது, மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவரும் அதன் எதிரே நாற்காலி போட்டு, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் இணைய கம்பெனி என்ஜினீயர் போன் செய்தார். "யாரோ உங்க சர்வர் வழியா ஊரெல்லாம் முடி வளர்ற தைலத்துக்கு விளம்பரம் அனுப்பறாங்க. உங்க ஆளுங்க மெயிலை மட்டும் வெளிய விடுங்க. வெளியாளை விடாதீங்க. மூணு நாள்ல சரி பண்ணலைன்னா இணைப்பைத் துண்டிச்சிருவோம்."

சங்கத்தின் பம்புசெட்டு ஆர்டர் முழுக்க மெயிலில்தான் நடக்கிறது. செங்கோட்டையன் டைப்பிஸ்ட் பழனாத்தாளையும் ஸ்டோர் பார்க்கும் நாச்சிமுத்துவையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நம்ம ஆளா, வெளியாளான்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

"மெயில் மேல பேரும் ஊரும் போட்டிருக்குமல்லங்க," என்றார் நாச்சிமுத்து.

"பொய்யாப் போட்டா?"

டீ ஆறிப்போகும்வரை மூவரும் யோசித்தார்கள்.

"பொய் எழுதக் கூடாதுன்னு ஒரு நோட்டீஸ் ஒட்டிரலாங்க," என்றாள் பழனாத்தாள்.

ஒட்டினார்கள், சர்வர் மேலேயே. ஊர் வெள்ளரிப்பாளையம் என்று போட்ட மெயிலை மட்டும் வெளியே விடும்படி சர்வரிலும் ஏற்பாடு செய்தார்கள்.

மறுநாள் காலை, 'சங்கத் தலைவர் அய்யாசாமி, வெள்ளரிப்பாளையம்' என்று நாற்பதாயிரம் மெயில் வந்தது. அத்தனையும் தைல விளம்பரம். அத்தனையும் வெளியே போனது.

"இந்த வயசுல மனுசனுக்கு என்ன சுறுசுறுப்புங்க!" நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மதியம் நிஜ அய்யாசாமி ஒரே ஒரு மெயில் அனுப்பினார். கல்யாணத்துக்குப் போயிருந்தவர், ஊர் என்ற இடத்தில் மதுரை என்று உள்ளதைப் போட்டுவிட்டார். அது நின்றுவிட்டது. செங்கோட்டையனிடம் போனில் கத்தினார்.

"ஏப்பா, என் மெயில் ஏன் போகலை?"

"வெளியூர்ல இருக்கீங்க. வெளியாளை விடக் கூடாதுங்க."

"நான்தான்டா தலைவர்!"

"தெரியுமுங்க. காலையில இருந்து நாற்பதாயிரம் தடவை சொல்லிட்டீங்களே."

சாயங்காலம் என்ஜினீயர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "ஒரு ரகசியக் கடவுச்சொல் வைங்க. உங்க ஆளுங்களுக்கு மட்டும் சொல்லுங்க."

செங்கோட்டையன் அப்படியே செய்தார். தலைவர் பெயரில் வந்த நாற்பதாயிரம் மெயிலுக்கும் பதில் போட்டு, ஒருத்தர் விடாமல் கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் கம்பெனிக்காரர்கள் இணைப்பைத் துண்டித்தார்கள். அது தெரியாத செங்கோட்டையன் எதிரே உட்கார்ந்து பார்த்தார். ஒரு தைல மெயில்கூட வரவில்லை, போகவில்லை. அப்பாடா என்றிருந்தது. இந்த நல்ல சேதியை என்ஜினீயருக்கு மெயிலில் எழுதி அனுப்பினார்.

அரைமணி நேரமாகியும் அது போகவில்லை.

"நம்ம மெயிலும் போகலைங்களே?" என்றாள் பழனாத்தாள்.

செங்கோட்டையன் சர்வரைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்தார்.

"நம்மளையே விடலை. இனி வெளியாளை விடுமாங்க?"