றோட்டோர வாய்க்காலில் கொக்கனி மீன்

கனடாவின் மேற்கு மலைகளுக்குள் ஒரு நீர்த்தேக்கம். அதன் கரையில் சிவகாமி அம்மையின் சின்ன மடம். அம்மைக்கு ஐம்பத்திரண்டு வயது, சீடர் கந்தவனத்தாருக்கு அறுபத்தாறு. அவர் "அம்மா" என்று கைகட்டி நிற்பார். அம்மை "என்ன ஐயா" என்று பகிடியாய்க் கேட்பார்.

கந்தவனத்தார் ஊரில், மயிலிட்டிக் கரையில், மீன்பிடித்த கடலோடி. வாயைத் திறந்தால் கடல்தான். விடியப்புறம் வள்ளம் வந்து ஏறும் மணல், கருவாடு காயும் வாசம், மனுசி தூக்குச்சட்டியில் கொண்டுவரும் பழஞ்சோறு. ஊரைவிட்டு முப்பது வருசமாகியும் ஒன்றும் மறக்கவில்லை, பாவம் மனுசன்.

அன்று காலை முகம் கறுத்து வந்தார்.

"அம்மா, மகள் தர்சிகாவுக்குத் தலைப்பிரசவம். ஆறு மாசம். தாயில்லாப் பிள்ளை. மயிலிட்டியில என்ர அக்கா இருக்கிறா, கைக்குள்ள வச்சுப் பாப்பா. வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு டிக்கெட் எடுத்திட்டன். அவள் வரமாட்டாளாம்."

"என்ன சொல்லுறா?"

"'அப்பா, இதுதான் என்ர ஊர்' எண்டுறாள். பெற்றோல் கடைக்கு மேல ரெண்டு அறை, சன்னலைத் திறந்தால் பனி. இதெல்லாம் ஒரு ஊரே? நான் தனியப் போறன். போனால் திரும்பமாட்டன். அது பிழையோ, அம்மா?"

அம்மை எழுந்து வெளியே நடந்தார். கந்தவனத்தார் பின்னால் போனார்.

மலையிலிருந்து நீர்த்தேக்கத்துக்கு இறங்கும் றோட்டோர வாய்க்கால். கணுக்கால் அளவுதான் தண்ணீர். அதற்குள் பத்துப் பன்னிரண்டு மீன்கள், செக்கச்செவேலென்று, முதுகு வெளியே தெரிய, முட்டையிட வாலால் கூழாங்கல்லைக் கிளறிக்கொண்டிருந்தன. கொக்கனி மீன்கள். சால்மன் இனம்தான், ஆனால் கடலே காணாதவை. குஞ்சாய்க் கிடந்த ஓடையை விட்டு நீர்த்தேக்கத்துக்குள் போய், நாலாம் வருசம் அதே ஓடைக்கு வந்து முட்டையிட்டுச் செத்துப்போகும்.

"ஐயோ! இதுகள் ஏன் இந்தச் சாக்கடைக்குள்ள வந்ததுகள்? பெரிய ஓடை அங்கால கிடக்கெல்லோ!"

"நாலு வருசத்துக்கு முந்தி இதில குஞ்சு விட்டது ஆர்?"

கந்தவனத்தாருக்கு முகம் செத்துப்போனது. நீர்த்தேக்கத்தில் மீன் பெருக்கவென்று ஊராருக்கு ஆளுக்கொரு வாளி குஞ்சு கொடுத்த வருசம் அது. பெரிய ஓடையில் ஊற்றச் சொன்னார்கள். கை விறைத்தது, முழங்கால் நொந்தது. கடலோடிக்கு எல்லாம் ஒரே தண்ணீர்தானே? இதிலேயே கவிழ்த்துவிட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சுடச்சுடத் தேத்தண்ணி குடித்தார்.

"நான்தானம்மா. பிழை விட்டிட்டன்."

ஓடிப்போய் வலையும் வாளியும் எடுத்துவந்தார். அம்மை தடுக்கவில்லை, தானும் ஒரு வாளி தூக்கினார். மத்தியானத்துக்குள் எல்லா மீனையும் பெரிய ஓடையில் கொண்டுபோய் விட்டார்கள். நல்ல ஆழம், நல்ல ஓட்டம்.

"இனிச் சுகமாய் இருக்குங்கள்," என்றார் கந்தவனத்தார். அவருக்கு மனம் நிறைந்திருந்தது.

வியாழக்கிழமை விடைபெற வந்தவர் வாய்க்காலைப் பார்த்து நின்றுவிட்டார். அதே மீன்கள். அன்று வலையில் துடுப்புக் கிழிந்த ஒன்றும் அதற்குள் நின்றது. தண்ணீர் இன்னும் இறங்கியிருந்தது.

"உங்களுக்கென்ன விசரே?" என்று மீன்களைப் பார்த்துக் கத்தினார். "எவ்வளவு நல்ல இடத்தில கொண்டுபோய் விட்டனான்! இதுக்குள்ள என்ன கிடக்கெண்டு வந்தனீங்கள்?"

மீன்கள் கல்லைக் கிளறின.

அம்மை பக்கத்தில் வந்து நின்றார். கந்தவனத்தார் வாய்க்கால் கரையில் குந்தினார்.

"நாலு வயசில அவளைத் தோளில போட்டுக்கொண்டு வந்து இஞ்ச இறக்கினது நான்தானம்மா. அண்டைக்கும் சரியான பனி. 'வீட்ட போவம் அப்பா' எண்டு அழுதவள். 'இதுதான் பிள்ளை இனி வீடு' எண்டு சொன்னனான்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாளியை எடுத்தார். அம்மை அதை வாங்கிக் கரையில் கவிழ்த்து வைத்தார்.

"தூக்கிக் காவித் திரிஞ்சது போதும், ஐயா. தண்ணி வத்துது. கீழ்ப்பக்கத்தில கல்லு வச்சு மறியுங்கோ."

"நாளைக்கு எனக்குப் பிளேன், அம்மா."

"முட்டை பொரிக்க மாசி, பங்குனி ஆகும். அதுவரைக்கும் ஆர் தண்ணி பாக்கிறது?"