மயானத்தில் அறைந்த முரசு

முன்னொரு காலத்தில், சட்டம் எல்லோருக்கும் ஒன்றே என்று கோட்டை வாசலில் கல்லில் வெட்டி வைத்திருந்த ஒரு நாட்டில், ராஜாவுக்கு ஒரு நாள் காலையில் மூன்று தும்மல் வந்தது. உப்பரிகையில் நின்றவர் கிழக்கே சுண்ணாம்புக்காரத் தெருவின் காளவாய்ப் புகையைப் பார்த்தார். "அந்த இடத்தில் நமக்கொரு வசந்த மண்டபம் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!" என்றார். அவர் நின்ற உப்பரிகையின் சுவரெல்லாம் அந்தக் காளவாயில் வெந்த சுண்ணாம்புதான். அதை அவருக்கு யார் சொல்வது?

நினைத்தவுடன் இடித்துவிட முடியாது. ராஜாவின் பாட்டனார் எழுதிவைத்த சட்டம் ஒன்று இருந்தது. குடியிருக்கும் இடத்தில் வேறு கட்டடம் எழுப்புவதென்றால், அந்த வட்டாரத்தில் மூன்று நாள் முரசறைய வேண்டும். அங்கே குடியிருப்பவர் எவரேனும் ஆட்சேபித்தால், சபை அதைக் கேட்ட பிறகே அனுமதி முத்திரை. நகர நிர்மாண அதிகாரி மாதவராயருக்கு இந்தச் சட்டம் தலைகீழ்ப் பாடம். நான்காம் நாளே ஓலையோடு வந்து நின்றார்.

"முறைப்படி முரசறைந்தாயிற்று மகாராஜா. ஒருவர்கூட ஆட்சேபம் சொல்லவில்லை."

முத்திரை விழுந்தது.

அன்று மாலை அரண்மனை விகடகவி விடங்கனின் வீட்டு வாசலில் சடைச்சி வந்து நின்றாள். காளவாயில் வேலை செய்தே விரல் நுனியெல்லாம் வெந்துபோனவள்.

"ஐயா, நாளன்னைக்கு எங்க நாப்பது வீட்டையும் இடிக்கிறாங்களாம். முரசு அடிச்சோம்னு சாதிக்கிறாங்க. எங்க காதுல ஒரு பொட்டுச் சத்தம் விழலையே! இந்தப் புள்ளைகுட்டியோட எங்க போவோம்?"

விடங்கன் முரசுக்காரனைத் தேடிப் பிடித்தான். அவன் சற்று மென்று விழுங்கினான்.

"அதிகாரி மயானத்துல அடிக்கச் சொன்னாருங்க. அதுவும் அதே வட்டாரந்தானாம். நான் என்ன செய்ய, மூணு நாளும் அங்கயே அடிச்சேன்."

மறுநாள் சபை கூடியதும், உடம்பெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு, கக்கத்தில் ஓலைக்கட்டோடு விடங்கன் நுழைந்தான்.

"இது என்ன கோலம், விடங்கா?"

"மகாராஜா, வசந்த மண்டபத்துக்கு ஆட்சேபங்கள் கொண்டுவந்திருக்கிறேன். முரசு கேட்டவர்களின் ஆட்சேபங்கள்."

"யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றாரே மாதவராயர்?"

"அவர் முரசறைந்தது மயானத்தில், பிரபு. அங்கே குடியிருப்பவர்கள் தங்கள் வாக்கைச் சொல்ல வேண்டாமா? முதல் ஆட்சேபம் தங்கள் பாட்டனாருடையது. 'நான் எழுதிய சட்டத்தை என் தலைமாட்டிலேயே கொட்டி முழக்கினார்கள், மூன்று நாளாகத் தூக்கமில்லை' என்கிறார்."

மாதவராயர் துள்ளி எழுந்தார். "மாண்டவர்கள் எப்படி ஆட்சேபிப்பார்கள்?"

"மாட்டார்கள் என்று தெரிந்துதானே அங்கே போய் அறைந்தீர்கள்? அவர்கள் குடிகள் இல்லையென்றால் தாங்கள் யாருக்குமே அறிவிக்கவில்லை. குடிகள் என்றால் இதோ ஆட்சேபம். எது என்று தாங்களே சொல்லுங்கள்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சபையே சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அனுமதி ரத்து. சுண்ணாம்புக்காரத் தெருவின் நடுவிலேயே மறுபடி மூன்று நாள் முரசறையுங்கள்" என்றார். தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து விடங்கனுக்குப் போர்த்தினார். மாதவராயரும் சிரித்தார். அதுதான் விடங்கனை உறுத்தியது.

சாம்பலைக்கூடக் கழுவாமல் நல்ல சேதி சொல்ல ஓடினான். தெருமுனையிலேயே கால் நின்றுவிட்டது. ஒரு வீடுகூட இல்லை. விடங்கன் முரசுக்காரனை விசாரித்தது காதில் விழுந்ததுமே, முத்திரை விழுந்த ஓலை கையில் இருக்கும்போதே ஒரு நாள் முன்னதாக வேலையை முடித்துவிடலாம் என்று, சபை கூடுவதற்கு முன்பே மாதவராயர் யானைகளை அனுப்பியிருக்கிறார். ஜனங்களை ஆற்றுக்கு அக்கரை ஓட்டியாயிற்று. இடிந்த காளவாய் ஒன்று மட்டும் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

விடங்கன் திரும்பி வந்து, நடந்ததைச் சொல்லி ராஜாவின் காலில் விழுந்தான். ராஜாவுக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. "நீ கேட்டபடி முரசறையச் சொல்லிவிட்டேனே, விடங்கா. இன்னும் என்ன?" என்றார்.

மூன்று நாள் அந்த வெற்றுத் தெருவின் நடுவில் முரசறைந்தார்கள். சேதி கேட்டு அக்கரையிலிருந்து சடைச்சியும் நான்கு பேரும் ஓடிவந்தார்கள். மாதவராயர் அவர்களைச் சபை வாசலிலேயே நிறுத்தினார்.

"குடியிருப்பவர் ஆட்சேபிக்கலாம் என்பது சட்டம். நீங்கள் இப்போது அங்கே குடியிருக்கவில்லையே! சட்டத்தை எழுத்துக்கு எழுத்து எப்படிப் படிப்பது என்று நம் விடங்கனாரிடம் கேட்டுப் பாருங்கள்."

நான்காம் நாள், எந்தக் குறையுமில்லாமல், முத்திரை விழுந்தது.

மண்டபம் எழும்பியது. சுவர் பூச்சுக்குச் சுண்ணாம்பு வேண்டுமே, அக்கரைக்காரர்களையே கூலிக்கு அழைத்தார்கள். வேலை நடப்பதைப் பார்க்க ராஜா வந்த நாளில், பட்டுச் சால்வையோடு விடங்கனும் கூட வரவேண்டியிருந்தது. தலையில் சுண்ணாம்புக் கூடையோடு வந்த சடைச்சி, தன் அடுப்படி இருந்த இடத்தில் நின்றாள். அவள் குரலில் குத்தல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஐயா, அன்னைக்குச் சபையில நம்ம பக்கம் ஜெயிச்சுப் போச்சாமே? ராஜா ரொம்பச் சிரிச்சாராமே?"

விடங்கன் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்துக் கக்கத்தில் சுருட்டிக்கொண்டான்.

"ஆமாம் தாயே," என்றான். "ரொம்பச் சிரித்தார்."