வெங்காயத்தாமரைக்கு ஒரு கயிறு

"அம்மா, இதுக்கு மேல என்னால முடியாது. எடுக்க எடுக்க வருது."

தில்லைநாயகம் ஈரக் கையோடு வந்து நின்றார். கையில் செத்துப்போன கெண்டை ஒன்று.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சின்ன மடத்துக்குத் தலைவி அவர்தான். தில்லைநாயகத்தைவிட வயதில் ரொம்ப இளையவர். அதற்காக யாரும் அவரிடம் வாலாட்டியதில்லை.

"இன்னிக்கும் மீனா?"

"இன்னிக்கும்தான்மா."

மடத்துத் தோட்டத்துக் குளத்தை வெங்காயத்தாமரை மூடிக் கிடந்தது. பெயரில் தாமரை இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. வெயிலும் காற்றும் தண்ணீரைத் தொடவிடாமல் மேலே படுத்துக்கொள்ளும் சனியன் அது.

குளம் தில்லைநாயகத்தின் பொறுப்பு. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். துரட்டியால் இழுப்பார், கூடையில் அள்ளுவார், காயவைத்து எரிப்பார். உழைப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. அடுத்த மாதமே குளம் பழையபடி பச்சையாகிவிடும்.

"அப்ப மூடிடலாம்," என்றார் அம்மா.

"எதைம்மா?"

"குளத்தைத்தான். மண்ணடிச்சு மூடிடுவோம். மீனெல்லாம் மூச்சு முட்டிச் சாகறதைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது."

தில்லைநாயகம் மீனைக் கீழே வைத்தார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை எடுத்துப் பாக்கறேன்மா."

"எடுங்க. நானும் வர்றேன்."

மறுநாள் காலையிலிருந்து இருவரும் இழுத்தார்கள். வானம் மூடியிருந்தது.

"நீங்க போங்கம்மா. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அம்மா போகவில்லை.

சாயங்காலம் தண்ணீர் தெரிந்தது. கறுத்துப்போய், நாற்றமடித்துக்கொண்டு. பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

"அவ்வளவுதான்மா. முடிஞ்சுது," என்றார் தில்லைநாயகம்.

முடியவில்லை. படித்துறையில் உடைந்த கல்லுக்கு அடியில் ஒரு செடி மிச்சம் இருந்தது. இருப்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் அதை விட்டுவைத்தவர் அவர்தான்.

அம்மா படியில் இறங்கினார். குனிந்து, கல்லுக்கு அடியில் கையை விட்டு இழுத்தார். செடி பாதிதான் வந்தது.

"களைக்கு யாரோ கயிறு கட்டியிருக்காங்க."

தில்லைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான்மா கட்டினேன். காத்துல போயிடக் கூடாதுன்னு."

"ஏன்?"



அந்த மடத்தில் ஒரு வழக்கம். உள்ளே வருகிறவர்கள் வீட்டுப் பேச்சை வாசலோடு விட்டுவிட வேண்டும். இருப்பவர்களைப் பற்றியும் பேசக் கூடாது, செத்தவர்களைப் பற்றியும் பேசக் கூடாது. பேசப் பேசத் துக்கம் வளரும் என்று அம்மா வைத்த வழக்கம்தான்.

"அதைச் சொல்லக் கூடாதேம்மா. நீங்கதானே..."

"சொல்லுங்க."

"என் சம்சாரம் வளர்த்ததும்மா." அவர் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார். "கத்தரிப்பூ நிறத்துல பூக்குதுன்னு வாய்க்கால்லேருந்து எடுத்துக்கிட்டு வந்து தொட்டியில போட்டா. களையைப் போய் யாராவது வளப்பாங்களான்னு நான் திட்டுவேன். தொட்டியில தண்ணி வத்தாம பாத்துக்குங்கன்னா. அதுதாம்மா அவ கடைசியாப் பேசினது."

"அப்புறம்?"

"அவ போனப்புறம் வீட்டுல இருக்க முடியல. இங்க வந்தப்ப இதை வாளியில கொண்டாந்தேன். கேட்டா விடமாட்டீங்கன்னு, யாரும் பாக்காதப்ப குளத்துல விட்டுட்டேன். ஒண்ணே ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்னுதான் நெனச்சேன். மீன் சாகும்னு நெனைக்கலம்மா."

அழுதுவிட்டார்.

அன்றைக்கும் ஒரு கெண்டை செத்துக் கரையில் கிடந்தது. அம்மா அதைப் பார்த்தார். கையில் இருந்த செடியைப் பார்த்தார். பிறகு திரும்பி, மடத்து வாசலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"குடுங்கம்மா. நானே எடுத்துடறேன்."

தில்லைநாயகம் இறங்கி வந்து கயிற்றைப் பிடித்தார். மூன்று வருஷமாகத் தண்ணீரில் ஊறிய முடிச்சு இறுகிப்போயிருந்தது. எவ்வளவு முயன்றும் அவிழவில்லை.

அம்மா அவர் பக்கத்தில் ஈரப் படியிலேயே உட்கார்ந்தார்.

"அவங்க பேரு என்ன?"

தில்லைநாயகம் கயிற்றை விட்டார்.

"அஞ்சுகம்."

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றபடி அம்மா முடிச்சில் கை வைத்தார்.