குடம் வைக்கும் கல்

“சாமி, நான் ஊருக்கே திரும்பிப் போயிடறேன். உத்தரவு கொடுக்கணும்.”

வீரபாகு வந்து நின்றபோது குரு பல் விளக்கிக்கொண்டிருந்தார். நிதானமாக வாய் கொப்பளித்துவிட்டுக் கேட்டார்.

“என்ன ஆச்சு?”

“எனக்குப் பக்குவம் பத்தலை. இடுப்பு வலியைத் தாங்க முடியலை.”

மலையடிவாரத்தில் இருந்த அந்த மடத்தில் வேலை செய்யாதவர்களுக்கு இடம் கிடையாது. வீரபாகுவுக்கு வாய்த்தது கிணற்று வேலை. தினம் நூறு குடம் தண்ணீர் இறைக்க வேண்டும். மகளைக் கட்டிக்கொடுத்து, கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் ஆசைப்பட்டு வந்து சேர்ந்த மனிதர். திரும்பிப் போக அவருக்குத் துளியும் இஷ்டமில்லை.

கிணற்று வேலை பார்த்தவர்கள் எல்லாரும் அந்த மடத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடப்பார்கள். அது பக்குவத்தின் அடையாளம் என்று பேச்சு. கிணற்றுப் பக்கமே போகாத இரண்டு பேர்கூட அப்படிச் சாய்ந்து நடந்து பழகிக்கொண்டிருந்தார்கள்.

குருவும் ஒரு காலத்தில் ஒன்பது வருஷம் தண்ணீர் இறைத்தவர்தான். அவருடைய சாய்வுதான் எல்லாரையும்விட அழகு என்பார்கள்.

“வைத்தியர் என்ன சொன்னார்?”

“இன்னும் ஒரு மாசம் இப்படியே இறைச்சா, அப்புறம் எழுந்து நடக்கிறதே சந்தேகமாம்.”

“எந்தப் பக்கம் வலிக்குது?”

“வலது இடுப்பு. என் அகங்காரம் அங்கதான் குடியிருக்கு போலிருக்கு.”

“அதை அப்புறம் காலி பண்ணலாம். வா, ஒரு வாளி இறை. பார்க்கிறேன்.”

வீரபாகு இறைத்தார். கயிறு ஒழுங்காகத்தான் வந்தது. மேலே வந்த வாளியை வலது கையால் எட்டிப் பிடித்தார். குடமோ இடது பக்கம், ஒரு கல்லின் மேல் இருந்தது. கால் நின்ற இடத்திலேயே நிற்க, உடம்பை மட்டும் முறுக்கித் திரும்பி ஊற்றினார்.

“அம்மா!”

“இன்னொரு வாளி.”

மறுபடி முறுக்கினார். மறுபடி “அம்மா!”

குருவின் கை தானாகத் தன் இடுப்பைத் தடவியது.

“நானும் ஒன்பது வருஷம் இந்த அம்மாவைத்தான் கூப்பிட்டுக்கிட்டிருந்தேன்” என்றார்.

மாட்டுக்கொட்டகைக்குப் போய் ஒரு கடப்பாரையோடு திரும்பி வந்தார். வீரபாகு பதறிப்போனார்.

“சாமி! அது மடத்தை ஆரம்பிச்ச ஆதிகுரு தன் கையால வச்ச கல்லு!”

“தெரியும்.”

“வெள்ளிக்கிழமை தவறாம அதுக்குப் பூப் போடறோம்!”

குரு குடத்தை இறக்கிவிட்டு, கல்லில் இருந்த பூவை எடுத்து ஓரமாக வைத்தார். முழங்காலை மடக்கி, முதுகு வளையாமல் உட்கார்ந்து, கடப்பாரையைக் கல்லுக்கடியில் கொடுத்தார்.

“வாயைப் பார்த்துக்கிட்டு நிக்காம ஒரு கை கொடு.”

இரண்டு பேருமாகக் கல்லை மெல்லப் புரட்டி, வீரபாகு நிற்கும் இடத்துக்கு வலது பக்கம் கொண்டுவந்தார்கள். குடம் கல்லின் மேல் ஏறியது.

“இப்ப இறை.”

வாளி வந்தது. கை பிடித்த பக்கத்திலேயே குடம் இருந்தது. ஊற்றினார். முனகுவதற்காகத் திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

இன்னொரு வாளி இறைத்தார். கேட்காமலேயே இன்னொன்று. குடம் நிரம்பி வழிந்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி ஊருக்குப் போக வேண்டாம். சத்தம் போட்டுச் சிரித்தார்.

பிறகுதான் கோபம் வந்தது.

“அப்ப ஆதிகுரு எதுக்கு இதை அந்தப் பக்கம் வச்சார்? நம்மைச் சோதிக்கவா?”

“இல்லை. அவர் இடதுகைக்காரர்.”

“இடதுகையா? மண்டபத்துல இருக்கிற படத்துல எழுத்தாணி வலது கையிலதானே இருக்கு?”

“படம் வரைஞ்சவரும் அவர் இடது கையால எழுதறதைப் பார்த்திருக்கார். நானும் பார்த்திருக்கேன். வரைஞ்சவர் மரியாதைக்காகக் கையை மாத்திட்டார். சீடருங்க நாங்க மரியாதைக்காக வாயைத் திறக்கலை.”



குரு வேட்டியை மடித்துக் கட்டினார்.

“கொஞ்சம் நகரு. நானும் ஒரு வாளி இறைச்சுப் பார்க்கிறேன்.”